மூன்று புட்டி வேப்பெண்ணெய்: மாடிப் பூச்செடிகளில் ஓராண்டு பார்த்தது

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருபத்தாறு தொட்டிகள் இருக்கின்றன. பதினொன்றில் குண்டுமல்லி, ஏழில் ரோஜா, நான்கில் செம்பருத்தி, இரண்டில் நந்தியாவட்டை, ஒன்றில் அரளி, ஒன்றில் இட்லிப்பூ. வீட்டுப் பூசைக்கும் தலைக்கும் போதுமான பூ இவற்றிலிருந்தே கிடைத்துவந்தது. சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் மல்லி மொட்டுகள் ஊதா நிறமாகிக் காய்ந்து உதிரத் தொடங்கியபோதுதான், பூச்சிக்கு ஏதேனும் தெளித்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. குழந்தைகள் ஓடி விளையாடும் மாடி என்பதாலும், பறித்த பூ சில மணி நேரத்திலேயே தலைக்கு ஏறிவிடும் என்பதாலும் கடுமையான மருந்துகளை நான் தொடவில்லை. ஆடி முதல் வைகாசி வரை, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று விதமான வேப்பெண்ணெய்ப் புட்டிகளை வாங்கிப் பயன்படுத்தினேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய செக்கு எண்ணெய், இணையத்தில் வாங்கிய ‘நீரில் கரையும்’ எண்ணெய், உரக்கடையில் வாங்கிய 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1500 பங்கு) வேப்ப மருந்து ஆகியவையே அந்த மூன்று. மூன்றும் ஒரே வேப்பங்கொட்டையிலிருந்து வருபவைதாம் என்றாலும், செடியின்மீது மூன்றும் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை.

வேப்பெண்ணெயிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் வாங்கினால் எந்தப் புட்டியும் ஏமாற்றமாகத்தான் முடியும். வேம்பில் பூச்சியைத் தடுக்கும் முக்கியமான பொருள் அசாடிராக்டின். வேப்பங்கொட்டையிலிருந்து அதை 1968-இல் பிரித்தெடுத்தார்கள். அது பூச்சியை அடித்துக் கொல்வதில்லை. அது பட்ட இலையைப் பூச்சி உண்ணத் தயங்கும்; உண்ட இளம்பூச்சி தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போக முடியாமல் தடுமாறும்; முட்டையிடுவதும் குறையும். எண்ணெய் என்ற அளவில், மென்மையான உடல்கொண்ட பூச்சிகளின் சுவாசத் துளைகளை அடைப்பதும் உண்டு. ஆகவே மாலையில் தெளித்துவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் துளிர்ச் சாற்றை உறிஞ்சும் அசுவினிக் கூட்டம் அப்படியேதான் உட்கார்ந்திருக்கும். முதல் முறை அதைப் பார்த்து எனக்குக் கடைக்காரர்மீது கோபமே வந்தது. எட்டாம் நாள் பார்த்தபோது செம்பருத்தித் துளிரில் இருந்த கூட்டம் பாதிக்கும் கீழே வந்திருந்தது. இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு புதிய துளிர்கள் சுத்தமாக வந்தன. பொறுமையில்லாதவர்கள் இந்த மருந்தை வாங்காமல் இருப்பதே நல்லது.

முதல் புட்டி, செக்கில் ஆட்டிய எண்ணெய். அரை லிட்டர் 210 ரூபாய். கரும்பழுப்பு நிறம், பூண்டும் பழைய வேர்க்கடலையும் சேர்ந்தாற்போன்ற ஒரு வாடை, விரலில் தொட்டால் இரண்டு சோப்பு போட்டும் போகாத பிசுபிசுப்பு. எண்ணெய் நல்ல எண்ணெய்தான். அதில் எனக்குக் குறையில்லை. சிக்கல் கலப்பதில் இருந்தது. எண்ணெயும் நீரும் சேரா என்பது எல்லோருக்கும் தெரியும்; இடையில் சோப்பு வேண்டும். நான் முதலில் செய்தது என்னவென்றால், ஒரு லிட்டர் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஐந்து மில்லி எண்ணெயை ஊற்றி, அதன்மேல் சோப்புக் கரைசலை ஊற்றிக் குச்சியால் கலக்கினேன். எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்று நீர் அவ்வளவு உப்பு. அதில் சோப்பு நுரைக்காமல் தயிர்போலத் திரிந்து மிதந்தது. எண்ணெய் மேலே தனியாக வட்டமிட்டு நின்றது. அதைத் தெளிப்பானில் ஊற்றி அடித்தால், முதல் பத்துத் தொட்டிகளுக்கு வெறும் நீரும் கடைசி இரண்டு தொட்டிகளுக்கு முழு எண்ணெயும் கிடைக்கும். கிடைத்தது. கடைசித் தொட்டியாக நின்ற ரோஜாவின் இலைகள் எண்ணெய்க் கத்தரிக்காய்போலப் பளபளத்து, நான்கு நாளில் ஓரங்கள் கருகின.

அதன் பிறகு முறையை மாற்றினேன். மாநகராட்சிக் குடிநீரை, அதாவது மென்னீரை, எடுத்துக்கொண்டேன். அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் காதி சோப்பைச் சீவிப் போட்டு முழுவதும் கரைத்து, எண்ணெயை அந்தச் சோப்பு நீரில் சிறிது சிறிதாக விட்டு, மோர் கடைவதுபோல அடித்தேன். கலவை பால்போல வெளுத்த பிறகே மீதி நீரைச் சேர்த்தேன். இது சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும்: கொஞ்சம் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வைத்தால், மேலே எண்ணெய் வளையம் கட்டக் கூடாது. கட்டினால் திரும்பவும் அடிக்க வேண்டும். துணி துவைக்கும் தூளையும் பாத்திரம் தேய்க்கும் திரவத்தையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சை அவை அரித்துவிடக்கூடும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இவ்வளவு பாடுபட்டும் செக்கு எண்ணெயில் ஒரு குறை தீரவே இல்லை. அதில் அசாடிராக்டின் எவ்வளவு இருக்கிறது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. கொட்டை புதிதா பழையதா, நிழலில் உலர்ந்ததா பூசணம் பிடித்ததா, எண்ணெய் எத்தனை மாதம் வெயில்படும் அலமாரியில் நின்றது என்பதையெல்லாம் பொறுத்து அளவு மாறும். ஆட்டும்போது கொட்டையில் உள்ளது முழுவதும் எண்ணெயோடு வந்துவிடுவதும் இல்லை. ஒரு பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். மார்கழிக் காலைகளில் புட்டியின் அடிப்பாகம் கெட்டியாகிவிடுவதால், வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தி உருக்கிய பிறகே அளந்து எடுக்க முடிந்தது. நேரம் இருப்பவர்களுக்கு இது பரவாயில்லை. நான் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன்.

இரண்டாவது புட்டியை அந்தக் கலக்கும் தொல்லைக்குப் பயந்துதான் வாங்கினேன். இணையத்தில் பார்த்தது, நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். 250 மில்லி 349 ரூபாய். பச்சை இலைப் படமும் ‘நூறு விழுக்காடு இயற்கை’ என்ற வாசகமும் போட்ட அழகான புட்டி, கூடவே ஒரு சிறிய தெளிப்பான் மூடி. நீரில் ஊற்றியதும் நொடியில் பாலாக மாறியது. டம்ளரில் ஒரு மணி நேரம் வைத்தும் பிரியவில்லை. அதைப் பார்த்தபோது முதல் புட்டியோடு பட்ட அவதியெல்லாம் வீண் என்றே தோன்றியது. ஒரு லிட்டருக்குப் பத்து மில்லி என்று போட்டிருந்த அளவிலேயே, மேகமூட்டமான ஒரு மாலையில் எல்லாத் தொட்டிகளுக்கும் தெளித்தேன். மூன்றாம் நாள் மல்லியின் இளந்துளிர்கள் நுனியில் பழுப்பேறிச் சுருண்டன. செம்பருத்தியில் இரண்டு நாள் முன்பு விரிந்த இலைகள் வெளிறின. முதிர்ந்த இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் புட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கவனமாகப் படித்தேன். அசாடிராக்டின் அளவு இல்லை. எண்ணெயை நீரோடு சேர்க்கும் பொருள் என்ன, எவ்வளவு என்பது இல்லை. பூச்சிக்கொல்லிப் பதிவு எண் இல்லை. ‘தாவரப் பராமரிப்புக்கானது’ என்ற பொதுவான சொல்லோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எழுதிக் கேட்டேன், பாதி அளவில் முயன்று பாருங்கள் என்று மறுமொழி வந்தது. புட்டியில் எழுதிய அளவு சரியா தவறா என்ற கேள்விக்கு விடை வரவில்லை. பாதி அளவில் தெளித்தபோது துளிர் கருகவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அசுவினியும் குறையவில்லை. என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை எவ்வளவு ஊற்றினால்தான் என்ன? ஐந்துக்கு ஒன்றரை. அந்த அரை மதிப்பெண்ணும் தெளிப்பான் மூடிக்காக.

மூன்றாவது புட்டி கிடைத்தது விவசாயிகள் போகும் ஓர் உரக்கடையில். மொட்டைமாடித் தொட்டிகளுக்கு என்றதும் கடைக்காரர் சிரித்தார். ஆனாலும் பொறுமையாக ‘எந்தப் பூச்சி அக்கா, கொண்டுவந்திருக்கீங்களா?’ என்று கேட்டார். உறையில் போட்டு எடுத்துச் சென்றிருந்த ஊதா மொட்டுகளைப் பார்த்த பிறகே எடுத்துக் கொடுத்தார். அசாடிராக்டின் 0.15 விழுக்காடு, அதாவது 1500 பிபிஎம். 250 மில்லி 165 ரூபாய். இந்த மதிப்புரையில் நான் முழு மனதோடு பரிந்துரைப்பது இந்த வகையைத்தான். எந்த நிறுவனத்துடையது என்பதைவிட, புட்டியில் ஒட்டிய சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

நம் நாட்டில் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பூச்சி மருந்தாக விற்கப்படும் எதற்கும் பதிவு வேண்டும். சீட்டில் பதிவு எண், மருந்துப் பொருளின் பெயரும் விழுக்காடும், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, விழுங்கிவிட்டால் செய்ய வேண்டிய சிகிச்சை ஆகியவை இருக்க வேண்டும். கூடவே ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நச்சுத்தன்மையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம். பச்சை இருப்பதில் குறைந்தது. என் புட்டியில் பச்சை. பச்சை என்பதற்காக அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுத்துச் சிறு குழந்தைகள் வலிப்புக்கும் மயக்கத்துக்கும் ஆளான நேர்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பூட்டிய அலமாரியில் வைப்பதே சரி.

பிபிஎம் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் 300, 1500, 3000, 10000 என்று பல எண்கள் போட்ட புட்டிகள் இருக்கும். பெரிய எண் நல்லது என்று நினைத்து அதையே எடுத்துவரத் தோன்றும். 1500 பிபிஎம் மருந்தில் ஐந்து மில்லியை ஒரு லிட்டர் நீரில் கலந்தால், தெளிக்கும் நீரில் அசாடிராக்டின் 7.5 பிபிஎம் வரும். 10000 பிபிஎம் மருந்தில் இரண்டு மில்லி கலந்தால் 20 வரும். வயலுக்கு வாங்குபவர் அளவுக் குவளையால் அளப்பார். மாடியில் நாம் மருந்துப் புட்டியின் மூடியால் அளக்கிறோம். ஒரு மில்லி கூடிவிட்டால் செறிந்த மருந்தில் பிழை பெரிதாகிவிடும், நீர்த்த மருந்தில் சிறிதாகவே இருக்கும். தொட்டிச் செடிக்கு 1500 போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். 300 பிபிஎம் வாங்கினால் அதே ஐந்து மில்லியில் 1.5 பிபிஎம்தான் வரும்.

இந்த மூன்றாம் புட்டியை நம்பித்தான் மல்லியைக் காப்பாற்றினேன் என்று சொல்லலாம், ஆனால் புட்டி மட்டும் காப்பாற்றவில்லை. மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ. அதைத் தொட்டியில் வளர்க்கும் எங்களுக்கும் வயலில் வளர்ப்பவர்களுக்கும் எதிரி ஒன்றுதான். ஊதாவாகிப்போன மொட்டு ஒன்றை நகத்தால் கீறிப் பிரித்துப் பாருங்கள். அடிப்பாகம் சற்று வீங்கியிருக்கும்; உள்ளே இதழ்களுக்கு நடுவில், உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவில், வெளிறிய சிறு புழுக்கள் நெளியும். அவை மொட்டு ஈயின் புழுக்கள். அருகிலேயே வேறு சில மொட்டுகளில் வட்டமான துளையும், பக்கத்து மொட்டுகளைச் சேர்த்துக் கட்டிய மெல்லிய நூலாம்படையும் கழிவுத் துகள்களும் இருக்கும்; அது மொட்டுப்புழு, ஒரு அந்துப்பூச்சியின் புழு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். மொட்டுப்புழு வெளியிலிருந்து துளைத்து நுழைவது. ஒரு மொட்டை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது. ஆகவே மொட்டு அரும்பும்போதே தெளித்து வைத்தால் வேப்ப மருந்து அதன்மேல் பட வாய்ப்பு உண்டு. மொட்டு ஈயின் புழுவோ மொட்டுக்குள்ளேயே பிறந்து வளர்வது; எந்த எண்ணெயும் உள்ளே போய் அதைத் தொடாது. ஆனால் அது வளர்ந்ததும் மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழு ஆகும்.

அந்த இடத்தில்தான் அதைப் பிடிக்க வேண்டும். தொட்டியின் மேல்மண்ணை விரற்கடை ஆழத்துக்குக் கிளறி, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைக் கலந்துவிட்டேன். ஊதாவான மொட்டுகளை நாள்தோறும் பொறுக்கிச் சோப்பு நீரில் போட்டேன். தொட்டியடியில் உதிர்ந்தவற்றையும் விடவில்லை. மேலே வாரம் ஒருமுறை மூன்றாம் புட்டி. கார்த்திகைக் கடைசியில் எல்லா மல்லியையும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்துச் செய்து, வெட்டிய இலைகளை மாடியிலிருந்தே அகற்றினேன். மாசியில் வந்த மொட்டுகளில் ஒரு கைப்பிடிக்கு நாலைந்து ஊதா மொட்டுகள் இருந்தன. முந்தைய ஆனியில் பாதிக்குமேல் ஊதாவாக இருந்ததோடு ஒப்பிட்டால் அது எனக்குப் போதும்.

செம்பருத்தியில் கதை வேறு. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் மட்டும் தெளித்துப் பயன் கிடைத்தது என்று யாராவது சொன்னால் நான் நம்புவதற்கில்லை. அதன் உடலை மூடியிருக்கும் வெள்ளை மெழுகின்மேல் மருந்து உருண்டு ஓடிவிடுகிறது. முதலில் பழைய பல் துலக்கியால் கணுக்களைத் தேய்த்து, குழாய் நீரை வேகமாகப் பாய்ச்சி மெழுகைக் கழுவ வேண்டும். மிகவும் அடைந்துபோன நுனிகளை வெட்டிப் பையில் கட்டி எறிய வேண்டும். அதன் பிறகு தெளித்தால் எஞ்சிய இளம்பூச்சிகளில் வேலை செய்கிறது. அதோடு எறும்பையும் நிறுத்த வேண்டும். மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, அதன் இயற்கை எதிரிகளை விரட்டுகின்றன. அந்த இனிப்பு நீர் படிந்த இலைகளில்தான் கரும்பூசணம் கறுப்புத் தூளாகப் படர்கிறது. தொட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நீர் ஊற்றிய தட்டுகளில் கல்வைத்து நிறுத்தினேன். கொசு வராமலிருக்கத் தட்டு நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது என்பது இதில் உள்ள தொல்லை.

செம்பருத்தியில் நான் செய்யவிருந்த பெரிய தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அவற்றைவிடப் பெரிதாக, வெள்ளை மெழுகு நூல்கள் தொங்கும் ஒரு பூச்சி வேகமாக ஊர்ந்துகொண்டிருந்தது. இதுதான் தாய்ப்பூச்சி என்று நசுக்கக் கையை நீட்டினேன். மாவுப்பூச்சி அப்படி ஓடாதே என்ற ஐயத்தில் நிறுத்திப் பார்த்தால், அது மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பொறிவண்டு ஒன்றின் புழு அது. பார்ப்பதற்கு இரையைப் போலவே வேடம் போட்டிருக்கும். இத்தகைய எதிரிகளின் வலிமையை நம் ஊர்க்காரர்கள் ஒருமுறை நேரிலேயே பார்த்தார்கள். 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவிச் செம்பருத்தியையும் விடவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள்தாம் அதை அடக்கின. வேப்ப மருந்து மற்ற மருந்துகளைவிட நன்மை செய்யும் பூச்சிகளுக்கு மென்மையானதுதான் என்றாலும், எண்ணெய் நேராக மேலே பட்டால் நண்பனா பகைவனா என்று பார்க்காது. பொறிவண்டுப் புழு கண்ணில் பட்ட அந்தத் தொட்டிக்கு மட்டும் மூன்று வாரம் எதுவும் தெளிக்காமல் விட்டேன். அந்தத் தொட்டிதான் முதலில் தேறியது.

ரோஜாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதே போதும், ஏனெனில் வேப்பெண்ணெய்க்கு அங்கே வேலை குறைவு. இலையில் வெண்பொடி படியும் சாம்பல் நோய்க்கு, தொடக்கத்திலேயே தெளித்தால் மூன்றாம் புட்டி நன்றாக வேலை செய்தது. வேப்பெண்ணெயின் பூசணக் கொல்லித் தன்மையைத்தான் அமெரிக்க வேளாண் துறையும் ஒரு நிறுவனமும் சேர்ந்து 1994-இல் ஐரோப்பாவில் காப்புரிமையாக்கிக்கொண்டன. இது இந்தியாவில் காலங்காலமாகத் தெரிந்தது என்று எதிர்த்து வாதாடியதன் பேரில் 2000-இல் அது ரத்தாகி, மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது. ஆனால் கரும்புள்ளி நோயில் அந்தப் பெருமை எனக்கு உதவவில்லை. கறுப்பு வட்டம் விழுந்து மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. அதைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். இலை பல மணி நேரம் ஈரமாக இருந்தால்தான் அந்தப் பூசணம் முளைக்கும் என்பதால், மாலையில் தலைக்கு நீர் ஊற்றும் வழக்கத்தை நிறுத்திக் காலையில் வேருக்கு மட்டும் ஊற்றினேன். அதுதான் பலன் தந்தது. மொட்டுக்குள் புகுந்து இதழ் ஓரத்தைப் பழுப்பாக்கும் இலைப்பேனுக்கும், நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகும் பின்கருகல் நோய்க்கும் இந்தப் புட்டியைத் திறக்கவே வேண்டாம். முன்னதற்கு மொட்டைக் கிள்ளுவதும் நீலநிற ஒட்டும் அட்டை தொங்கவிடுவதும், பின்னதற்குப் பச்சைத் தண்டு வரும்வரை வெட்டுவதும்தான் வழி.

சாம்பல் நோய் தை மாதத்தில் மீண்டும் வந்தபோது நான் செய்த அவசரம் இரண்டு ரோஜாக்களைப் பாழாக்கியது. வேப்ப மருந்து தெளித்து ஐந்தாம் நாள், இன்னும் வேகமாகக் குறையட்டும் என்று நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு இரண்டு கிராம் கலந்து தெளித்தேன். எண்ணெய்ப் படலம் இருக்கும் இலையில் கந்தகம் பட்டால் இலை வெந்துபோகும் என்பதும், இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு வார இடைவெளி வேண்டும் என்பதும் பின்னரே தெரிந்தது. இலைகள் எல்லாம் பழுப்பாகிக் கொட்டி, முள் மட்டும் நின்ற கிளைகளை மாமியார் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்லியதைவிட அதிகம். இந்தப் பிழைக்கு மருந்தின்மேல் பழியில்லை, முழுவதும் என்னுடையது. ஒன்று துளிர்த்துவிட்டது, மற்றது இன்னும் ஐயத்தில் இருக்கிறது.

பூவுக்காக வளர்ப்பவர்கள் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம், வாடை. முதல் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை தெளித்தேன். வெள்ளிக்கிழமை விடியலில் பறித்துத் தொடுத்த சரத்தைச் சாமி படத்துக்குச் சாத்தப் போன மாமியார், மோந்து பார்க்காமலே அதைக் கீழே வைத்துவிட்டார். அறை முழுவதும் மல்லி மணத்தோடு வேப்பெண்ணெய் வாடையும் கலந்து வீசியது. அன்று பூக்காரியிடம் வாங்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து எங்கள் வீட்டில் தெளிப்பு நாள் சனிக்கிழமை. அன்று காலை பருத்த மொட்டுகளையெல்லாம் பறித்துவிட்டு, மாலை ஐந்தரைக்குமேல் வெயில் இறங்கியதும் தெளிப்பேன். ஞாயிறும் திங்களும் பறிக்கும் மொட்டுகள் தலைக்கும் இல்லை, சாமிக்கும் இல்லை. வாடையில் மூன்றாம் புட்டி முதல் புட்டியைவிடக் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. மாலையில் தெளிப்பதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு: அசாடிராக்டின் வெயிலில் விரைவாகச் சிதைந்துவிடும், தேனீக்களும் அந்நேரத்துக்குக் கூடு திரும்பியிருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில், காலையில் எண்ணெய் தெளித்தால் இலை கருகுவது உறுதி. சிவப்புச் சிலந்தி அந்த மாதங்களில்தான் வருகிறது. வெள்ளைத் தாளின்மேல் இலையைத் தட்டினால் புள்ளிகள் நகரும், விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழும். அதற்கு நான் முதலில் நாடியது இலையின் அடியில் பாய்ச்சும் வெறும் நீரைத்தான். வாரம் மூன்று முறை பாய்ச்சியதில் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

தெளிப்பானும் இந்தக் கணக்கில் சேரும். இரண்டாம் புட்டியோடு வந்த மூடித் தெளிப்பான் இருபத்தாறு தொட்டிக்குக் கையை நோகவைத்துவிடும். இரண்டு லிட்டர் கொள்ளும், காற்றை அழுத்திவிட்டுத் தெளிக்கும் வகையில், முனை மேல்நோக்கித் திரும்பும் பித்தளை நாசில் உள்ளதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சிகள் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். மேலே நனைத்துவிட்டுத் திருப்தியோடு இறங்கிவந்தால் மருந்து முழுவதும் வீண். தெளித்து முடித்ததும் வெந்நீரும் சோப்பும் ஊற்றி இரண்டு முறை அடித்துக் கழுவாவிட்டால் எண்ணெய் உறைந்து முனை அடைத்துக்கொள்ளும். கலந்த மருந்தில் மீதியை அடுத்த வாரத்துக்கு வைக்கக் கூடாது. நீரில் கலந்த அசாடிராக்டின் நிலைத்து நிற்பதில்லை. எங்கள் மாடிக்கு மூன்று லிட்டர் வேண்டும், மூன்று லிட்டர்தான் கலக்கிறேன்.

செலவைப் பார்த்தால், ஒரு லிட்டர் தெளிப்பு நீருக்குச் செக்கு எண்ணெய் சோப்பு நீங்கலாக 2 ரூபாய் 10 காசும், மூன்றாம் புட்டி 3 ரூபாய் 30 காசும் ஆகின்றன. இரண்டாம் புட்டி, அவர்கள் எழுதிய பத்து மில்லி அளவில், ஏறத்தாழ 14 ரூபாய். மூன்றாம் புட்டிக்கு ஐந்துக்கு நாலரை தருகிறேன். அரை மதிப்பெண் குறைத்தது சீட்டின் எழுத்துக்காக: அளவும் எச்சரிக்கையும் தமிழில் இருந்தும், பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத அளவுக்குப் பொடியாக அச்சிட்டிருக்கிறார்கள். நான் அவற்றைப் பெரிதாக ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.

லிட்டர் புட்டி மலிவாக வரும் என்று கடைக்காரர் இந்த முறையும் சொன்னார். ஒரு தெளிப்புக்கு எங்களுக்குப் பதினைந்து மில்லி. 250 மில்லியில் பதினாறு தெளிப்பு வரும். சராசரியாகப் பத்து நாளுக்கு ஒருமுறை என்றால் ஐந்து மாதத்துக்குமேல் ஓடும். லிட்டர் வாங்கினால் முழுவதும் தீர்வதற்குள் காலாவதித் தேதி வந்துவிடும். காலாவதிக்கு ஒன்றரை ஆண்டு இருக்கும் 250 மில்லிப் புட்டியாகப் பார்த்து எடுத்துவந்தேன். இரண்டாம் புட்டியில் மீந்தது இன்னும் மாடிப்படி அறையில் இருக்கிறது. மூங்கில் ஏணியில் கரையான் ஏறாமலிருக்க அவ்வப்போது தடவி வருகிறேன்.